பணி மடிக்கணினியில் இரண்டு இணைய இணைப்புகள்: எது முதலில் என்பதை நீங்களே வகுப்பது எப்படி

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களில் பலரிடம் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட இணைய இணைப்புகள் இருக்கின்றன. கூடத்தில் ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் இருக்கிறது. கையில் டேட்டா உள்ள கைபேசி இருக்கிறது. சிலருக்கு நிறுவனமே சிம் செருகிய மடிக்கணினியைத் தந்திருக்கிறது. அலுவலகம் சென்றால் மேசையில் லேன் கேபிள் காத்திருக்கிறது. இரண்டு இணைப்புகள் இருப்பதாலேயே ஒன்று போனால் மற்றொன்று தானாகப் பொறுப்பேற்கும் என்று நம்பிவிடுவது இயல்பு. ஆனால் எந்த இணைப்பின் வழியாகப் போவது என்பதை மடிக்கணினி தனக்கென்று வைத்துள்ள ஒரு கணக்கின்படி முடிவு செய்கிறது. அந்தக் கணக்குக்கு உங்கள் அன்றாட டேட்டா வரம்பும் தெரியாது, அலுவலகத்தின் பாதுகாப்பு விதியும் தெரியாது, பத்து நிமிடத்தில் தொடங்கவிருக்கும் கூட்டமும் தெரியாது. ஆகவே வரிசையை நீங்கள் வகுக்க வேண்டும். வகுத்தபின் சோதித்தும் பார்க்க வேண்டும். இங்கே விண்டோஸ் 11 இயங்கும் மடிக்கணினியை முதன்மையாக வைத்து விளக்குகிறேன். மேக், லினக்ஸ் ஆகியவற்றுக்கான குறிப்புகள் பின்னால் வருகின்றன.

எந்த மாற்றத்துக்கும் முன்னால் ஐடி பிரிவிடம் கேட்டுவிடுங்கள். மடிக்கணினி உங்கள் மடியில் இருந்தாலும் அது நிறுவனத்தின் உடைமை. அலுவலக வலையமைப்பில் கேபிள் வழியாக இருந்துகொண்டே கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் சேர்ந்திருக்கும் கணினி, ஃபயர்வாலுக்கு (அலுவலக வலையமைப்பைக் காக்கும் தடுப்புக்கு) உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலும் வைத்திருக்கிறது; வெளியிலிருந்து வரும் தீநிரல் ஒன்று அந்தக் கணினி வழியாகவே உள்ளே நுழைந்துவிடலாம். பல நிறுவனங்கள் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. விண்டோஸில் இதற்கென்றே ஒரு நிர்வாகக் கொள்கை உண்டு: கேபிள் செருகப்பட்டவுடன் வைஃபையைத் துண்டித்துவிடும்படி ஐடி பிரிவினர் அதை அமைத்துவைக்கலாம். அப்படி அமைந்த கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்துபோவது பழுதன்று. கீழே வரும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால், அந்த உரிமை இல்லாதவர்கள் எப்படியும் அவர்களைத்தான் நாட வேண்டியிருக்கும். என்ன கேட்பது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வேலை விரைவில் முடியும்.

கணினி வழியைத் தேர்ந்தெடுக்கும் விதம்

ஒவ்வொரு கணினியிலும் எந்த முகவரிக்கு எந்த இணைப்பு வழியாகச் செல்வது என்று குறிக்கும் வழிப்பட்டியல் ஒன்று உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து ‘ரூட் பிரிண்ட்’ (route print) என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால் அந்தப் பட்டியல் தெரியும். அதில் 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள், வேறெந்த வரியிலும் அடங்காத எல்லா முகவரிகளுக்குமான பொது வழியைக் குறிக்கின்றன. கேபிளும் வைஃபையும் ஒருங்கே இருந்தால் அப்படிப்பட்ட வரிகள் இரண்டு இருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மெட்ரிக் என்னும் எண் இருக்கும். எண் சிறியதாக உள்ள வழியே வெல்லும்.

இந்த எண்ணை விண்டோஸ் இணைப்பின் வேகத்தைப் பார்த்துத் தானே இடுகிறது. கேபிளில் 1 ஜிகாபிட் வேகம் இருந்தால் 25. 100 மெகாபிட் மட்டும் இருந்தால் 35. வைஃபை 500 மெகாபிட் முதல் 2 ஜிகாபிட்டுக்குள் இணைந்திருந்தால் 30. 200 முதல் 500 வரை என்றால் 35. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. கேபிள் செருகியிருந்தால் கேபிளே முன்னிற்கும் என்று பலரும் எண்ணுகிறோம். ஆனால் பழைய ரவுட்டரின் 100 மெகாபிட் துளையில் கேபிளைச் செருகினாலோ, கேபிளின் உள்ளே ஒரு கம்பி அறுந்து வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கினாலோ, விரைவாக இணைந்திருக்கும் வைஃபை கேபிளை முந்திவிடும். கேபிளுக்கு ஐபி முகவரியும் (வலையமைப்பில் கணினியின் எண் முகவரி) கேட்வேயும் (வெளியே செல்லும் வாயிலான ரவுட்டரின் முகவரி) கைமுறையாகக் கொடுக்கப்பட்டிருந்தால் வேறுபாடு இன்னும் பெரிது: அந்த வழிக்கு விண்டோஸ் 256 என்னும் எண்ணைக் கூடுதலாகச் சேர்ப்பதால் மொத்தம் 281 ஆகிவிடும், எந்த வைஃபையும் அதை வென்றுவிடும். மேலும், இந்தக் கணக்கில் இடம்பெறும் வேகம் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகமே ஆகும். ரவுட்டருக்கு அப்பால் இணையம் எவ்வளவு வேகத்தில் வருகிறது, வருகிறதா இல்லையா என்பதெல்லாம் அதில் இடம்பெறாது.

இரண்டு இணைப்புகளின் வேகமும் கூடி ஒன்றாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு. 50 மெகாபிட் ஃபைபரும் 20 மெகாபிட் கைபேசியும் சேர்ந்து 70 ஆகாது. ஒரு பதிவிறக்கமோ அழைப்போ தொடங்கிய இணைப்பிலேயே முடியும் வரை ஓடும். இரண்டையும் ஒன்றாக்கித் தர இடையில் ஒரு சேவையகம் நின்று பணியாற்ற வேண்டும். அத்தகைய கட்டணச் சேவைகள் இருக்கின்றன என்றாலும், நிறுவனத் தரவுகளை மூன்றாம் தரப்பின் சேவையகம் வழியாக அனுப்புவதாக அது ஆகிவிடுவதால், பணிக் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வரிசையை மாற்றுதல்

செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதிக்குச் சென்று ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ என்பதைத் திறங்கள். அங்கே கணினியிலுள்ள இணைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். உரிய இணைப்பை விரித்து, ‘மோர் அடாப்டர் ஆப்ஷன்ஸ்’ என்பதன் அருகிலுள்ள ‘எடிட்’ பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சாளரம் வரும். அதில் ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’ என்பதைத் தேர்ந்து ‘புராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘அட்வான்ஸ்டு’ என்று செல்லுங்கள். ‘ஆட்டோமேட்டிக் மெட்ரிக்’ என்பதன் குறியை நீக்கிவிட்டு, கீழே உங்கள் எண்ணை இடுங்கள். கேபிளுக்கு 10, வீட்டு வைஃபைக்கு 20, கைபேசிக்கு 60 என்பது போல இடைவெளி விட்டு வைப்பது நல்லது. நாளை நான்காவது இணைப்பு ஒன்று வந்தால் நடுவில் இடம் இருக்கும். 1 போன்ற மிகச் சிறிய எண்களைத் தவிர்த்துவிடுங்கள். சில விபிஎன் மென்பொருள்கள் (அலுவலக வலையமைப்புக்குப் பாதுகாப்பான தனி வழி அமைப்பவை) தம் இணைப்புக்குச் சிறிய எண்ணைக் கொடுத்துத்தான் முதலிடம் பெறுகின்றன. அந்த இடத்தை உங்கள் வைஃபை பிடித்துக்கொண்டால், அலுவலகப் போக்குவரத்து விபிஎன்னுக்கு வெளியே கசிய வாய்ப்பு ஏற்படும்.

இதே மாற்றத்தை ‘வெர்ஷன் 6’ என்பதிலும் செய்ய வேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. நம் ஊரில் இது மிக முக்கியமானது. இந்தியக் கைபேசி வலையமைப்புகளில், குறிப்பாக ஜியோவில், ஐபி ஆறாம் பதிப்பு (நான்காம் பதிப்பை அடுத்து வந்த புதிய முகவரி முறை) பரவலாகப் பயன்படுகிறது. வீட்டு ஃபைபரில் ஆறாம் பதிப்பு இல்லாமல் கைபேசியில் மட்டும் இருந்தால், நான்காம் பதிப்பில் நீங்கள் எவ்வளவு கவனமாக வரிசை வகுத்திருந்தாலும், ஆறாம் பதிப்பில் முகவரி உள்ள தளங்கள் கைபேசி வழியாகவே திறக்கும். கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய சேவைகள் பலவற்றுக்கு ஆறாம் பதிப்பு முகவரி உண்டு. எண்ணை உயர்த்தினாலும் இந்த நிலையில் பயன் இல்லை, ஏனென்றால் ஆறாம் பதிப்புக்கு வேறு வழியே அங்கு இல்லை. கைபேசி இணைப்பின் அந்தச் சிறு சாளரத்தில் ஆறாம் பதிப்பின் குறியை நீக்கிவிடுவதோ, தேவைப்படாத நேரத்தில் கைபேசியைத் துண்டித்துவைப்பதோதான் தீர்வு.

மாற்றம் பலித்ததா என்பதை அறிய, கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘டிரேஸ்ர்ட்’ (tracert) கட்டளையுடன் 8.8.8.8 என்னும் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். முதல் வரியில் வரும் முகவரி உங்கள் வீட்டு ரவுட்டருடையதா, கைபேசியுடையதா என்பதைக் கொண்டு எந்த வழி பயன்படுகிறது என்று உடனே தெரிந்துவிடும். ஐஃபோன் ஹாட்ஸ்பாட்டின் முகவரி 172.20.10.1 என்று இருக்கும். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் இருக்கும்.

கைபேசியை இணைக்கும் முறை

வழக்கமான மடிக்கணினியில் உள்ள வைஃபை கருவி ஒரு நேரத்தில் ஒரு வலையமைப்பில் மட்டுமே சேரும். எனவே வீட்டு வைஃபையும் கைபேசியின் வைஃபை ஹாட்ஸ்பாட்டும் ஒருங்கே இருக்க இயலாது. ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றுக்குத் தாவ வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டுமென்றால் கைபேசியைக் கேபிளால் இணைத்து அதன் டேட்டாவைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் முறையே பொருத்தம். கைபேசிக்கு அப்போதே மின்னேற்றமும் ஆகும். ஐஃபோன் என்றால் விண்டோஸில் ஆப்பிளின் மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். நிறுவனம் யூஎஸ்பி துளைகளைப் பூட்டிவைத்திருந்தால் இந்த வழி கிடைக்காது.

யூஎஸ்பி டெதரிங்கில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்கினால், விண்டோஸ் அதை ஒரு கம்பிவழி ஈதர்நெட் இணைப்பாகவே பார்க்கிறது. ஆகையால் வைஃபையைவிடச் சிறிய மெட்ரிக் எண்ணை அதற்கு இட்டு, எல்லாப் போக்குவரத்தையும் சத்தமில்லாமல் கைபேசி டேட்டாவுக்குத் திருப்பிவிடக்கூடும். கேபிள் செருகினால் வைஃபையைத் துண்டிக்கும் கொள்கை உள்ள கணினியில், வைஃபையே போய்விடும். நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் ப்ரீபெய்டு திட்டத்தில் இருப்பவர்களுக்கு இதன் விளைவு உடனே தெரியும்: இருபுறமும் விநாடிக்கு 1.2 மெகாபிட் அளவில் ஓடும் வீடியோ அழைப்பு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 ஜிபியை எடுத்துக்கொள்கிறது. பின்னணியில் ஒரு விண்டோஸ் அப்டேட்டும் சேர்ந்துகொண்டால், மதியத்துக்குள் வரம்பு முடிந்து வேகம் 64 கிலோபிட் போன்ற, எதற்கும் உதவாத அளவுக்கு இறங்கிவிடும்.

ஆகவே கைபேசியை முதன்முறை இணைத்தவுடனேயே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். மேலே சொன்னபடி அதற்குப் பெரிய மெட்ரிக் எண்ணை இடுவது ஒன்று. செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (அளவோடு பயன்படுத்த வேண்டிய இணைப்பு) என்பதை இயக்குவது மற்றொன்று. அதன்பின் விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தள்ளிவைக்கும்; ஒன்டிரைவ் ஒத்திசைவும் நிற்கும். மடிக்கணினியில் செருகிய சிம்மின் இணைப்பை விண்டோஸ் தானே மீட்டர்டு என்று கொள்ளும். யூஎஸ்பி டெதரிங்கை அப்படிக் கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கைபேசி வழியாக நீண்ட கூட்டம் நடத்த நேர்ந்தால் வீடியோவை அணைத்துவிடுங்கள்: இருபுறமும் 100 கிலோபிட் அளவில் ஓடும் குரல் அழைப்புக்கு ஒரு மணி நேரத்தில் 90 எம்பி அளவே செலவாகும்.

புளூடூத் வழியாகவும் கைபேசி இணையத்தைப் பெறலாம். மிக மெதுவானது, ஆனால் மின்னஞ்சலுக்குப் போதும், பேட்டரியும் குறைவாகவே தீரும்.

அலுவலக உள்வலையும் வெளி இணையமும் ஒருசேர வேண்டியபோது

சில பணியிடங்களில், ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் குறிப்பாக, லேன் கேபிள் உள்வலைக்கு மட்டுமே போகும். இணையத்துக்குத் தனி வைஃபை இருக்கும். இங்கே மெட்ரிக்கை மட்டும் மாற்றினால் ஒன்று கிடைக்கும்போது மற்றொன்று போய்விடும். இதற்கு வழிப்பட்டியலின் இன்னொரு இயல்பு உதவுகிறது: ஒரு முகவரிக்கென்று குறிப்பாக எழுதப்பட்ட வழி இருந்தால், மெட்ரிக் எண் எதுவாயினும், பொது வழிக்கு முன்னால் அதுவே வெல்லும். உள்வலை முகவரிகள் எல்லாம் 10 என்று தொடங்குவதாகவும், அதன் கேட்வே 10.20.1.1 என்பதாகவும் வைத்துக்கொள்வோம். நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ரூட் -பி ஆட் 10.0.0.0 மாஸ்க் 255.0.0.0 10.20.1.1’ (route -p add 10.0.0.0 mask 255.0.0.0 10.20.1.1) என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டால், 10 என்று தொடங்கும் எல்லாம் கேபிள் வழியாகவும், மற்றவை வைஃபை வழியாகவும் செல்லும். ‘-பி’ என்பது கணினியை அணைத்துப் போட்டாலும் இந்த வழி நிலைத்திருப்பதற்காக. கேபிளின் ஐபி கைமுறையாக இடப்பட்டிருந்தால் அதன் கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். தானாக வந்திருந்தால் கேபிளின் மெட்ரிக் எண்ணை வைஃபையைவிடப் பெரிதாக்கிவிடலாம்.

இரண்டு இணைப்புகளும் ஒரே முகவரி வரம்பில் அமைந்துவிட்டால் எந்த மெட்ரிக்கும் காப்பாற்றாது. வீட்டில் இரு நிறுவனங்களின் ரவுட்டர்களை வைத்து, ஒன்றைக் கேபிளிலும் மற்றதை வைஃபையிலும் இணைப்பவர்களுக்கு இது நேர்கிறது, இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கும். ஒரு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் முகவரியை 192.168.50.1 என்பது போல மாற்றுங்கள். நெட்வொர்க் சாளரத்தில் இரண்டு இணைப்புகளைத் தேர்ந்தால் ‘பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்’ என்றொரு வாய்ப்பு தெரியும். அது வேகத்தைக் கூட்டுவதற்கானது அன்று. இரண்டு வலையமைப்புகளை ஒன்றாகப் பிணைத்துவிடும். பணிக் கணினியில் அதைத் தொடவே கூடாது.

விபிஎன் இருந்தால்

உங்கள் விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் அலுவலகம் வழியாக அனுப்புகிறதா, அலுவலகத்துக்கு உரியதை மட்டும் அனுப்புகிறதா என்பதை ஐடி பிரிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகை என்றால் மேலே சொன்ன தனி வழிகளை விபிஎன் மென்பொருள் மறைத்துவிடலாம். அதை மீற முயல வேண்டாம். இணைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கணினியின் வெளி முகவரி மாறிவிடுவதால், பல விபிஎன்கள் அறுந்து மீண்டும் கடவுச்சொல் கேட்கும். வயர்கார்டு, மொபைக் வசதியுடைய ஐகேஈ இரண்டாம் பதிப்பு ஆகிய விபிஎன் முறைகள் முகவரி மாற்றத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை; அடிக்கடி இணைப்பு மாறுபவர்கள் நிறைய இருக்கும் நிறுவனம் இதைக் கருத்தில் கொள்வது ஊழியர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

இன்னொன்றும் ஐடி பிரிவினர் கவனிக்க வேண்டியது. ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கும்போது, விண்டோஸ் தளப் பெயர்களுக்கான தேடலை எல்லா இணைப்புகளின் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும்) சேவையகங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடும். அலுவலக உள்வலையின் சேவையகப் பெயர்கள் இதனால் வெளி இணைய நிறுவனத்தின் பதிவுகளில் போய்ச் சேரலாம். ‘ஸ்மார்ட் மல்டி ஹோம்டு நேம் ரெசல்யூஷன்’ என்னும் வசதியைக் குரூப் பாலிசி என்னும் நிர்வாகக் கொள்கை அமைப்பில் அணைத்தால் இது நிற்கும்.

இணைப்பு அறுந்த நிலையில் ஒத்திகை

ஃபைபர் எங்கோ அறுந்தால், ரவுட்டரில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். ஆனால் மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வைஃபை அப்போதும் முழுக் கோடுகளுடன் இருக்கும். விண்டோஸ் இணையம் இல்லை என்று அறிவிக்கலாம். ஆனாலும் முதல் வரிசையில் உள்ள அந்த வைஃபையைப் பிடித்துக்கொண்டு, பக்கங்கள் திறக்காமல் திணறக்கூடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எளிது: டாஸ்க்பாரில் வைஃபையைத் துண்டித்துவிடுங்கள், தயாராக உள்ள கைபேசி இணைப்பு உடனே முன்னுக்கு வரும். இதை முக்கியமான கூட்டத்தில் முதன்முறை செய்து பார்க்காமல், ஓர் ஓய்வு நேரத்தில் நண்பர் ஒருவருடன் அழைப்பில் இருந்துகொண்டு வைஃபையைத் துண்டித்துப் பாருங்கள். அழைப்பு எவ்வளவு நேரத்தில் மீள்கிறது, விபிஎன் மீண்டும் நுழையச் சொல்கிறதா, நிறுவனச் சேவையகம் கைபேசியின் முகவரியை ஏற்கிறதா என்பவை எல்லாம் அப்போது தெளிவாகும். குறிப்பிட்ட ஐபி முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் சேவையகம் என்றால், விபிஎன் இல்லாமல் கைபேசி வழியே அதை அடைய முடியாது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

மின்வெட்டையும் இந்த ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குவதால், அவற்றுக்கென்றே விற்கப்படும் சிறு யூபிஎஸ் ஒன்றைச் செருகினால் கைபேசிக்கு மாற வேண்டிய தேவையே பல நாள்களில் எழாது. இணைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஃபைபர் ஒரு நிறுவனத்திடமும் சிம் வேறொரு நிறுவனத்திடமும் இருக்கட்டும். ஒரே நிறுவனம் என்றால் அதன் வலையமைப்புக் கோளாறு இரண்டையும் சேர்த்து வீழ்த்திவிடலாம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஒருசேர நின்றன. புயல் அறிவிப்பு வந்தால், தேவையான கோப்புகளைக் கணினியிலேயே இறக்கிவைப்பதும், மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும்தான் வழி.

வீட்டில் இருவர் மூவர் இணையத்தை நம்பி வேலை செய்தால், ஒவ்வொரு கணினியிலும் இவ்வளவையும் செய்வதைவிட, இரண்டு இணைய இணைப்புகளை ஏற்கும் டூயல் வேன் ரவுட்டர் ஒன்றை வாங்குவது சிறந்தது. அது சில விநாடிகளுக்கு ஒருமுறை வெளி முகவரி ஒன்றைத் தொட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் தானே மற்ற இணைப்புக்கு மாறும். மடிக்கணினிக்கு ஒரே வைஃபை மட்டும் தெரியும். நிறுவனக் கணினியில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை என்பதால், அனுமதி கிடைக்காதவர்களுக்கும் இதுவே ஏற்ற வழி.

மேக் கணினியில் வேலை எளிது. சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘செட் சர்வீஸ் ஆர்டர்’ என்பதைத் தேர்ந்து, இணைப்புகளை வேண்டிய வரிசையில் இழுத்து வைத்தால் போதும். கைபேசி இணைப்புக்கு ‘லோ டேட்டா மோடு’ என்பதை இயக்கிவிடுங்கள். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் இயல்பாகவே ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600, சிம் இணைப்புக்கு 700 என்று மெட்ரிக் இடுகிறது. யூஎஸ்பி டெதரிங் அங்கும் ஈதர்நெட்டாகவே எண்ணப்படும் என்பதால், அந்த இணைப்பின் ரூட் மெட்ரிக்கை 600க்கு மேல் நீங்களே உயர்த்த வேண்டும்.

நீங்கள் இட்ட மெட்ரிக் எண்களையும் சேர்த்த தனி வழிகளையும் தேதியுடன் ஒரு கோப்பில் குறித்துவையுங்கள். அடுத்த முறை ஐடி பிரிவினர் கணினியைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது அந்தக் கோப்பைக் கொடுத்தால் தேடும் நேரம் மிச்சமாகும். மடிக்கணினியைத் திருப்பித் தரும் நாளில் ‘ரூட் டெலீட் 10.0.0.0’ (route delete 10.0.0.0) என்று கட்டளையிட்டுத் தனி வழியை நீக்கி, ‘ஆட்டோமேட்டிக் மெட்ரிக்’ குறியை எல்லா இணைப்புகளிலும், இரண்டு பதிப்புகளிலும், மீண்டும் இட்டுவிடுங்கள்.